பத்துக் கிலோமீட்டருக்குள் ஒரு செய்தி

மார்கழியில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் இறங்குகிற வெளியூர்க்காரர் ஆண்டாளைச் சேவிக்கத்தான் வந்திருப்பார். ஆட்டோக்காரர்களுக்கு இதில் சந்தேகமே கிடையாது. பொதிகை எக்ஸ்பிரஸ்ஸை விட்டு இறங்கி, காதைத் துண்டால் மூடிக்கொண்டு நின்ற என்னையும் "கோயிலுக்குத்தான அண்ணாச்சி?" என்று கேட்டு ஏற்றிக்கொண்டார் ஒருவர். கோயிலுக்கும் போகணும், ஆனால் கிறிஸ்துமஸ் பார்க்கத்தான் வந்தேன் என்றேன். கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்தார். "கிறிஸ்மஸ்னா நாகர்கோவில் போவாங்க, வேளாங்கண்ணி போவாங்க. இங்க எதுக்கு?"

நியாயமான கேள்வி. பெருங்கூட்டம் கூடும் ஊரில் பண்டிகை தன்பாட்டுக்கு நடந்துவிடும். தெருவுக்கு ஒன்றிரண்டு வீடுகளாகக் கிறிஸ்தவர்கள் வாழும் ஊரில், அதுவும் ஊரே இன்னொரு பிள்ளையின் பெயரைப் பாடிக்கொண்டிருக்கும் மாதத்தில், தங்கள் கையில் இருக்கும் பிறப்புச் செய்தியை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்கிறார்கள்? எனக்கு அதைப் பார்க்கவேண்டும். நான் எந்தச் சபையிலும் பெயர் எழுதியவன் அல்ல. கீர்த்தனைகள் பிடிக்கும், லூக்கா எழுதிய நற்செய்தி பிடிக்கும், அவ்வளவுதான்.

லூக்காவையும் மத்தேயுவையும் சேர்த்து வைத்துப் படித்தால் ஒன்று தெரியும். குழந்தை பிறந்ததைப் பற்றி அவர்கள் எழுதியது கொஞ்சம். கேள்விப்பட்டவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் நிறைய. வயல்வெளியில் மந்தை காத்த மேய்ப்பர்கள் அந்த ராத்திரியே எழுந்து போனார்கள், பார்த்ததை எல்லாரிடமும் சொன்னார்கள். அதைக் கேட்டவர்கள் ஆச்சரியப்பட்டதோடு சரி. மரியாள் எல்லாவற்றையும் மனதுக்குள் போட்டுக்கொண்டாள். ஏரோது ராஜா கலங்கிப்போனான். எனக்கு எப்போதும் உறுத்துகிறவர்கள் எருசலேமின் வேதபாரகர்கள். மேசியா எங்கே பிறப்பார் என்று ராஜா கேட்டதும், ஏடு புரட்டாமலே பெத்லகேம் என்று சொன்னவர்கள். எருசலேமிலிருந்து பெத்லகேம் பத்துக் கிலோமீட்டருக்குள்தான். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகிற தூரம்கூட இல்லை. கிழக்கே எங்கிருந்தோ வந்த ஞானிகள் போனார்கள். இடத்தைச் சொன்னவர்களில் ஒருவராவது எட்டிப் பார்த்ததாக மத்தேயு எழுதவில்லை.

ஆண்டாள் கோயில் தெருக்களில் அப்போது இருட்டு பிரியவில்லை. 11 நிலை, 192 அடி ராஜகோபுரத்தின் உச்சி பனியில் மறைந்திருந்தது. ஒலிபெருக்கியில் ஆண்டாளின் திருப்பாவை. வாசல்களில் கோலத்தின் நடுவே சாணியில் செருகிய பூசணிப் பூ. அந்த முப்பது பாசுரங்களில் ஆறிலிருந்து பதினைந்து வரை வேறென்ன நடக்கிறது? ஒரு கூட்டம் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, தூங்குகிறவளை எழுப்புகிறது. கெஞ்சல், கேலி, சின்னச் சண்டை எல்லாம் உண்டு. தனக்குத் தெரிந்ததைத் தான் மட்டும் அனுபவித்துவிட்டுப் போகாமல் அடுத்த வாசலுக்குப் போய் நிற்பது இந்த ஊருக்குப் புதிதில்லை.

ஆண்டாளை எடுத்து வளர்த்த பெரியாழ்வார் இன்னும் ஒரு படி மேலே போனவர். பெரியாழ்வார் திருமொழி தொடங்குவதே கண்ணன் பிறந்த வீட்டுக் கொண்டாட்டத்தில். ஆயர்பாடியே தலைகால் புரியாமல் ஆடுகிறது. ஒருவர்மேல் ஒருவர் எண்ணெயும் மஞ்சளும் வாரி இறைத்து முற்றம் சேறாகிறது. ஓடி வருகிறவர்கள் வழுக்கி விழுகிறார்கள், பால் தயிர்ப் பானைகள் உருள்கின்றன. ஒரு பிறப்புச் செய்தி ஊருக்குள் இறங்கினால் என்ன ஆகும் என்பதை இவ்வளவு கண்கூடாகக் காட்டிய இன்னொரு பாட்டு எனக்குத் தெரியாது. துளசிச் செடியடியில் ஒரு பெண்குழந்தையைக் கண்டெடுத்தவர் என்று ஊர் நம்புகிற ஆள்; அவருக்குத் தெரியாதா! அந்த நந்தவனம் இன்றைக்கும் கோயிலை ஒட்டி இருக்கிறது. லூக்காவின் முற்றத்தில் எண்ணெயும் இல்லை, மஞ்சளும் இல்லை. சத்திரத்தில் இடம் இல்லாத வீட்டுப் பிள்ளை. அக்கம்பக்கத்தார் என்று வந்தவர்கள் ஆட்டுக்காரர்கள் மட்டும்.

ஊரின் மறுபக்கத்தில் ஒரு கத்தோலிக்க ஆலய வளாகத்தில் குடில் வேலை நடந்துகொண்டிருந்தது. 1223-ல் இத்தாலியின் கிரேச்சோவில் அசிசி பிரான்சிஸ் நிஜ மாட்டையும் கழுதையையும் நிறுத்தி, புல் பரப்பி வைத்த முதல் குடிலின் பேரன் பேத்திகள்தான் உலகத்தில் இருக்கிற குடில்கள் எல்லாம். இங்கே தென்னங்கீற்றுக் கூரை, வைக்கோல், பச்சை வர்ணம் பூசிய சாக்குத்துணியில் மலை. மலை பெத்லகேம் மலை அல்ல. செண்பகத்தோப்புப் பக்கம் நின்றால் தெரிகிற நம் மேற்குத் தொடர்ச்சி மலையேதான். அதில் ஒரு பையன் களிமண் அணில் ஒன்றை ஏற்றிவைத்திருந்தான். அணில் எதற்குடா என்று கேட்டால், "இது சாம்பல் அணில் சார், நம்ம சரணாலயத்துல இருக்குல்ல" என்றான். 1988-ல் அந்த அணிலுக்காக அறிவித்த சரணாலயம் 2021-ல் புலிகள் காப்பகத்தோடு சேர்ந்துவிட்டது. புலி எங்கே என்று கேட்டேன். செய்தானாம், ஆடுகளுக்குப் பக்கத்தில் வைக்க சிஸ்டர் விடவில்லையாம். ஆனால் வெள்ளை ராஜபாளையம் நாய் ஒன்றுக்கு அனுமதி கிடைத்திருந்தது, மூக்கில் சிவப்பு வர்ணத்தோடு.

வைக்கோல் தொட்டி காலியாக இருந்தது. பாலன் இயேசு சுரூபம் நள்ளிரவுத் திருப்பலியில்தான் அங்கே வரும். தொட்டியின் ஓரத்தில் மடித்து வைத்திருந்த துணியைத் தொட்டுப் பார்த்தேன். சல்லடை போல இழை விட்டு நெய்த வெள்ளைத் துணி, கொஞ்சம் மொரமொரப்பு. பேண்டேஜ் துணி. ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டியில் தெருவெல்லாம் தறி. ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற காயத்துணி அங்கே நெய்யப்படுகிறது. "எங்க மச்சான் தறி வச்சிருக்காரு, வருசா வருசம் ஒரு துண்டு குடுத்துருவாரு" என்றார் குடிலுக்குப் பொறுப்பான அம்மா. "பட்டு குடுக்கறேன்னு கூட ஒருத்தர் சொன்னாரு சார். புள்ளைய துணில சுத்துனாங்கனுதான எழுதிருக்கு, பட்டுல சுத்துனாங்கனா எழுதிருக்கு?" இந்த வேதவிளக்கத்துக்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

இந்தப் பக்கத்துச் சீர்திருத்தச் சபைகளின் கதை கூடாரத்தில் தொடங்கியது. 1910-ல் ராமநாதபுரம் மாவட்டம் உருவாகும்வரை ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா திருநெல்வேலியோடு இருந்தது. கேம்பிரிட்ஜில் படித்துப் பட்டம் வாங்கிய தாமஸ் ராக்லண்ட், சி.எம்.எஸ். மிஷனரிச் சங்கத்தின் சென்னை அலுவலக நாற்காலியை விட்டுவிட்டு, 1854-ல் வடதிருநெல்வேலிக்கு வந்து கூடாரம் அடித்து ஊர் ஊராகப் போனார். பங்களா கட்டி உட்கார்ந்தால் ஆட்கள் தேடி வரவேண்டும். கூடாரம் என்றால் நாம் போகவேண்டும் என்பது அவர் கணக்கு. தெற்கே இருந்த சபைகளிலிருந்து உபதேசியார்கள் முறைவைத்து வந்து கூட நடந்தார்கள். அவர்கள் பேர் எத்தனை பேருக்குத் தெரியும்! ராக்லண்ட் 1858-ல் சிவகாசியில் இறந்தார். அந்த ஊர் இன்றைக்கு உலகத்துக்குக் காலண்டரும் வாழ்த்து அட்டையும் அச்சடிக்கிறது, பட்டாசும் செய்கிறது. கிறிஸ்துமஸ் செய்தியை அட்டையாகவும் வெடியாகவும் ஒரே ஊர் விற்கிறது என்பதை நினைத்துக்கொண்டே ராஜபாளையம் பஸ்ஸில் ஏறினேன். கையில் ஒரு பொட்டலம் பால்கோவா. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. பஸ் கிளம்புவதற்குள் பாதி தீர்ந்துவிட்டது.

ராஜபாளையம் பஞ்சு ஊர். 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ஆரம்பித்த மில்லிலிருந்து கணக்குப் பார்த்தால் இங்கே மூன்று தலைமுறை ஷிப்ட் சங்குக்கு எழுந்து பழகியிருக்கிறது. சாயங்காலம் ஒரு சி.எஸ்.ஐ. சபையின் வாலிபர்களோடு கேரல் ரவுண்ட்ஸ் போக அனுமதி கிடைத்தது. ஒரு டாடா ஏஸ் வண்டி, அதில் ஜெனரேட்டர், மூங்கில் நட்சத்திரம், கீபோர்டு. முகமூடி போட்ட கிறிஸ்துமஸ் தாத்தா ஒருவர். அவர் பகலில் ஒரு மில்லில் ஃபிட்டர். தலையணை வயிறு அடிக்கடி நழுவியது. முன்னால் ஒரு அக்கா, கையில் நோட்டு. நோட்டில் போகவேண்டிய வீடுகளின் லிஸ்ட்.

முதல் வீட்டில் காபி, இரண்டாவது வீட்டில் காபி, மூன்றாவது வீட்டில் கேக்கும் காபியும். இரண்டு பாட்டு, ஒரு சிறு ஜெபம், தாத்தாவின் ஆட்டம், குழந்தைகளுக்கு மிட்டாய், கடைசியில் உண்டியல். பழைய கீர்த்தனை பாடினால் வீட்டுப் பெரியவர்கள் திண்ணைக்கு வந்து கூடப் பாடுகிறார்கள். சினிமா மெட்டில் போட்ட புதுப்பாட்டுக்குப் பிள்ளைகள் மாடியிலிருந்து இறங்கி வருகிறார்கள். எனக்குக் கீர்த்தனைதான். குற்றாலக் குறவஞ்சியைக் கேட்டு வளர்ந்த சீமை இது; பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பிறந்த மண்ணிலிருந்து பஸ்ஸில் சில மணி நேரத்தில் இருந்துகொண்டு கீபோர்டின் ரெடிமேட் தாளத்தை ரசிக்க எனக்கு வரவில்லை. வயசுக் கோளாறாகவும் இருக்கலாம்.

ஒரு வீட்டில் அம்மா தனியாக இருந்தார். வீட்டுக்காரர் நைட் ஷிப்டுக்குப் போய்விட்டார். "அவருக்கு ஒரு பாட்டு போன்ல போட்டு விடுங்க தம்பி, சாப்பாட்டு நேரத்துல கேப்பாரு" என்றார். பையன்கள் போனைச் சுற்றி நின்று தணிந்த குரலில் பாடினார்கள், தாத்தாவும் முகமூடியைக் கழற்றிவிட்டுப் பாடினார். அந்த ராத்திரி முழுக்க நான் கேட்டதில் நல்ல பாட்டு அதுதான். ராத்திரி வேலைக்காரர்களுக்குத்தானே முதலில் செய்தி வந்தது.

லிஸ்டில் இல்லாத வீடுகளும் உண்டு. ஒரு முனையில் வண்டி நிற்காமல் போனது. அங்கேயும் கிறிஸ்தவர்கள்தான் இருக்கிறார்கள், ஆனால் கிறிஸ்துமஸ் கொண்டாடாத சபை. மறுநாள் அந்த வீட்டுக்காரரிடம் பேசினேன். டிசம்பர் 25 வேதத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டார். நட்சத்திரம் கட்டுவதும் தாத்தா ஆடுவதும் ஆண்டவர் சொன்னதா என்றார். தினமும் விடியற்காலை எழுந்து ஜெபிக்கிறவர், மாதச் சம்பளத்தில் பத்தில் ஒன்றை எடுத்து வைக்கிறவர். செய்தியை அவர் மரியாளைப் போல மனதுக்குள் போட்டு வைத்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அதையும் பதில் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

இன்னொரு விடுபடல் அப்படிப்பட்டதல்ல. கேரலுக்கு வந்திருந்த ஒரு பையன் டீக்கடையில் என்னிடம் மெல்லச் சொன்னான்: "எங்க காலனிக்கு எப்பவும் கடைசியிலதான் வண்டி வரும் சார். அதுக்குள்ள பாதிப் பேருக்குத் தொண்டை போயிரும், மீதிப் பேரு வீட்டுக்குப் போயிருவாங்க." எந்தக் காலனி என்று நான் கேட்கவில்லை, அவனும் விளக்கவில்லை. சபைக்குள் சாதி புதிதில்லை. வடக்கன்குளத்தில் ஒரே ஆலயத்துக்குள் சாதிக்கு ஒரு பக்கம் என்று பிரித்து நின்ற சுவர் 1910-ல் இடிக்கப்பட்டது. இடித்துவிட்டு அடிதடி, கோர்ட்டு என்று போனது வேறு கதை. 1950-ன் ஜனாதிபதி ஆணைப்படி பட்டியல் சாதிக்காரர் கிறிஸ்தவரானால் அந்தப் பட்டியலில் இடமில்லை. 1956-ல் சீக்கியருக்கும் 1990-ல் பௌத்தருக்கும் கதவு திறந்தது, கிறிஸ்தவ தலித்துகளுக்கு இன்னும் திறக்கவில்லை. அதற்காகப் போராடுகிற சபைகள் தங்கள் கேரல் வண்டி எந்தத் தெருவில் கிளம்புகிறது என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். பெத்லகேமில் முதல் வீடு யாருடையது என்று அவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அய்யனார் கோயில் போகிற பாதையில் ஒரு தென்னந்தோப்பை ஒட்டி வண்டி திரும்பியபோது ஆட்டுக்கிடை ஒன்று கண்ணில் பட்டது. மேய்ப்பர்களைப் பற்றிய பாட்டைப் பாடிக்கொண்டே அதைத் தாண்டிப் போனோம். ஆட்டுக்காரர் லிஸ்டில் இல்லை. அடுத்த வீட்டுக் காபியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நான் திரும்பி நடந்தேன்.

வலை கட்டி அடைத்த ஆடுகள். கவிழ்த்த பெரிய கூடைக்குள் குட்டிகள். மூங்கில் இடுக்கில் ஒரு குட்டியின் மூக்கு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மூத்திர வாடையும் ஈர ரோம வாடையும் குளிரில் கனமாக நின்றன. தோப்புக்காரர் உரத்துக்காகக் கிடை போடச் சொல்லியிருக்கிறார். ராத்திரிக்கு இத்தனை என்று கூலி. கி. ராஜநாராயணனின் 'கிடை' படித்தவர்களுக்கு இந்த உலகம் தெரியும். பெரியவர் கம்பளியைப் போர்த்திக் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நாய் என்னை விடவில்லை, அவர் ஒரு அதட்டு போட்ட பிறகுதான் படுத்தது.

அவருக்கு அந்தக் கதை தெரியும். மதினி வீட்டுப் பக்கம் வேதக்காரர்களாம். "ஆட்டுக்காரங்ககிட்டதான் சாமி பொறந்ததச் சொன்னாங்களாம்ல" என்று அவரே ஆரம்பித்தார்.

"உங்ககிட்ட ராத்திரியில வந்து சொன்னா போவீங்களா?"

"ஆட்ட விட்டுட்டா?" என்றார். கொஞ்சம் யோசித்தார். "நரி வரும், திருட்டுப் பய வருவான். கிடைய விட்டுட்டு ஒருத்தனும் நகர மாட்டான் தம்பி. முதலாளி செத்தாலும் ஒருத்தன் இங்க நிக்கணும். அவங்க எல்லாரும் போயிட்டாங்களா?"

எல்லாரும் போனதாகத்தான் எழுதியிருக்கிறது என்றேன்.

"அப்ப சேதி பெரிய சேதிதான்."

எத்தனையோ கிறிஸ்துமஸ் பிரசங்கம் கேட்டிருக்கிறேன், மந்தையை யார் பார்த்துக்கொண்டது என்று ஒருவரும் கேட்டதில்லை. மேய்ப்பர்கள் ஓடினார்கள் என்று சுலபமாகப் பாடிவிடுகிறோம். ஓடியவர்கள் அந்த ராத்திரிப் பிழைப்பை வைத்துவிட்டு ஓடினார்கள். வேதபாரகர்களுக்கு விட்டுவிட்டுப் போக ஏடுகள்தான் இருந்தன, அதையே விட முடியவில்லை.

பெரியவருக்குக் கிறிஸ்துமஸில் வேறு அக்கறையும் இருந்தது. அந்த வாரம் கிடாய் விலை ஏறும். "பிரியாணி போடாத வேதக்கார வீடு உண்டா?" என்று சிரித்தார். அவருடைய கிடாய்கள் இரண்டு நாள் முன்பே போய்விட்டன.

நள்ளிரவுத் திருப்பலிக்கு ராஜபாளையத்திலேயே ஒரு கத்தோலிக்க ஆலயத்துக்குப் போனேன். உட்கார இடமில்லை, பாதிக் கூட்டம் வெளியே பந்தலில். 'உன்னதங்களிலே' கீதம் தொடங்கியதும் மணி, வெடி, விளக்கு எல்லாம் ஒன்றாக. சுரூபத்தைக் குருவானவர் கையில் ஏந்திக் குடிலுக்குக் கொண்டுபோனார். பிறகு பாலன் இயேசுவை முத்தம் செய்ய வரிசை. வரிசையில் பொட்டு வைத்த பெண்கள் நிறைய. ஒரு பாட்டி தன் பேரனைத் தூக்கி, சுரூபத்தின் காலைத் தொடவைத்து, அதே கையை அவன் கண்ணில் ஒற்றினார். பிள்ளை பிறந்த வீட்டுக்கு எட்டிப் பார்க்க யார் அழைப்பிதழ் கேட்பார்கள்?

விடியற்காலை சி.எஸ்.ஐ. ஆராதனை முடிந்ததும் கேரல் வாலிபர்கள் ஆலய வராண்டாவில் உண்டியலைக் கொட்டினார்கள். நோட்டு தனி, சில்லறை தனி. ஸ்பீக்கர் வாங்கணும் என்றது ஒரு கட்சி. டயாலிசிஸ் செய்துகொள்ளும் சபையார் ஒருவருக்குக் கொடுக்கணும் என்றது இன்னொரு கட்சி. ஃபிட்டர் தாத்தா, ஸ்பீக்கருக்குக் கொஞ்சம், ஆஸ்பத்திரிக்குக் கொஞ்சம் என்று சமரசம் பேசிப் பார்த்து இரண்டு பக்கமும் திட்டு வாங்கினார். நடுவில் டீக்கடையில் என்னிடம் பேசிய பையன் எழுந்து, அடுத்த வருசம் ரவுண்ட்ஸ் காலனியில் ஆரம்பிக்கணும், லிஸ்டை நான் எழுதறேன் என்றான். சத்தம் சட்டென்று குறைந்தது. "அத கமிட்டில பேசுவோம்" என்றார் ஒருவர். "கமிட்டி எதுக்கு? லிஸ்டு எங்கிட்டதான இருக்கு" என்று நோட்டு அக்கா கடைசிப் பக்கத்தைப் புரட்டி அவனிடம் பேனாவை நீட்டினார். "தெரு பேரச் சொல்லிக்கிட்டே எழுது. அந்தத் தென்னந்தோப்பு ஆட்டுக்காரரையும் போடணுமாம், சார் சொல்றாரு."

அவர் அடுத்த வருசம் எந்தத் தோப்பில் கிடை போட்டிருப்பாரோ என்று ஒருவன் கேட்டான். தேடிப் போகவேண்டியதுதான் என்றார் அக்கா. ஸ்பீக்கர் சண்டை மறுபடி தொடங்கியது. நான் என் பங்குக்கு வந்த அதிரசத்தை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.